மோட்டார் கன்ட்ரோல் ஆய்வுக்குள் நுழைவது எப்படி: பிஎச்டி வரைக்குமான வழி, செலவு, காகிதங்கள்

பிசியோதெரபி, பயோமெடிக்கல், மெக்கானிக்கல், இசிஇ, சைக்காலஜி என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, கைப்பழக்கம் என்பது மூளைக்குள் எப்படி உருவாகிறது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பிசியோதெரபி வழியாக உள்ளே வந்தவன். மூளை உடல் அசைவுகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று ஆராயும் துறைக்குத்தான் மோட்டார் கன்ட்ரோல் என்று பெயர். நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தப் பெயரில் இளங்கலைப் படிப்பு கிடையாது. அதனால் வழி சொல்ல ஆளும் கிடைப்பதில்லை. கன்சல்டன்சிக்காரர்களிடம் போனால் அமெரிக்கச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுக் கோச்சிங்கில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம் என்பதுதான் கீழே பெரும்பகுதி.

இந்தத் துறையில் ஒரு லேப் உங்களிடம் முதலில் தேடுவது மதிப்பெண்ணை அல்ல. அசைவுத் தரவு ஒன்றைக் கையில் கொடுத்தால் இவருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியுமா என்பதைத்தான். அந்த ஆதாரத்தை வீட்டிலிருந்தே உருவாக்க முடியும்.

கட்டணங்கள் எழுதும் நேரத்து நிலவரம். பணம் கட்டும் முன் அந்தந்த அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேள்வி, அப்புறம் பல்கலைக்கழகம்

"மூளை பற்றி ஆராய ஆசை" என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். மூன்று பேப்பர் போதும், ஆனால் ஒழுங்காகப் படியுங்கள்.

ஒன்று, ஷாத்மேர், முஸ்ஸா-இவால்டி இருவரும் 1994-ல் வெளியிட்டது. ரோபோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இலக்கை நோக்கிக் கையை நகர்த்துகிறார். ரோபோ பக்கவாட்டில் தள்ளுகிறது, பாதை வளைகிறது. பழகப் பழக நேராகிறது. திடீரென்று அந்த விசையை எடுத்துவிட்டால் கை எதிர்ப்பக்கம் வளைகிறது. அதாவது, மூளை அந்த விசையை முன்கூட்டியே எதிர்பார்த்து ஈடுகட்டப் பழகியிருக்கிறது.

இரண்டாவது, மஸ்ஸோனி, கிராக்கவர் 2006. கை போகும் திசையிலிருந்து கர்சரை 45 டிகிரி திருப்பிவிட்டு, "பக்கத்து இலக்கைக் குறிவையுங்கள், சரியாகிவிடும்" என்று உத்தியையும் சொல்லிக்கொடுத்தார்கள். உடனே பிழை பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் தொடர்ந்து செய்யச் செய்ய மறுபடி தவறத் தொடங்கினார்கள். தெரிந்து செய்யும் உத்தியைப் பொருட்படுத்தாமல் உள்ளே இன்னொரு கற்றல் தன் பாட்டுக்கு ஓடுகிறது. எனக்கு இந்தத் துறையில் பைத்தியம் பிடித்தது இந்தப் பேப்பரில்தான்.

மூன்றாவது, ஸ்மித், காஸிஸாதே, ஷாத்மேர் 2006. சீக்கிரம் கற்றுச் சீக்கிரம் மறக்கும் ஒன்று, மெல்லக் கற்று மெல்ல மறக்கும் ஒன்று என இரண்டு ஓட்டங்கள் சேர்ந்ததுதான் கற்றல் என்று சொல்லும் எளிய மாடல். கணக்கு பயப்படும்படி இருக்காது.

முதலில் படங்களை மட்டும் பாருங்கள். எக்ஸ் அச்சில் என்ன, ஒய் அச்சில் என்ன என்று நோட்டில் வரைந்து பாருங்கள். அதன்பிறகு எழுத்துக்குப் போங்கள். இந்த மூன்றையும் முடித்ததும், மாறிய சூழலுக்குத் தகவமையும் கற்றலா, திறன் வளர்ப்பா, பக்கவாதத்துக்குப் பின் மீட்சியா, விலங்குகளில் நரம்புப் பதிவா, வெறும் மாடலிங்கா, எதில் மனம் போகிறது என்று தெரிந்துவிடும். எந்த லேபுக்கு எழுதுவது என்பது அதைப் பொறுத்தது.

2. கோடிங், கொஞ்சம் கணக்கு

பைதான் அல்லது மேட்லேப், லீனியர் ஆல்ஜீப்ரா, அடிப்படைப் புள்ளியியல். இதற்கு மேல் முதலில் தேவையில்லை. 2020-ல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் மூன்று வாரக் கோடைப் பயிற்சி ஆன்லைனில் நடக்கிறது. கட்டணம் நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்துக் குறையும், முடியாதவர்கள் விலக்கும் கேட்கலாம். பாடங்கள் எல்லாம் இலவசமாகத் திறந்தே கிடக்கின்றன. பணம் கட்டினால் கிடைப்பது குழுவும் வழிகாட்டியும். தனியாக உட்கார்ந்து முடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இலவசப் பாடமே போதும்.

3. வீட்டில் ஒரு சோதனையைக் கட்டுங்கள்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேவையானது லேப்டாப், மவுஸ், இலவச சைக்கோபை மென்பொருள். மவுஸுக்குப் பதில் சில ஆயிரம் ரூபாய் பேனா டேப்லெட் இருந்தால் இன்னும் நல்லது.

திரை நடுவில் ஒரு வட்டம். சுற்றிச் சம தூரத்தில் எட்டு இலக்குகள், ஒவ்வொரு முறையும் ஒன்று மட்டும் தோன்றும். நடுவிலிருந்து ஒரே வீச்சில் கர்சரை அங்கே கொண்டுபோக வேண்டும். முதல் 80 முறை கர்சர் கையோடு போகும். அடுத்த 160 முறை, கை போகும் திசையிலிருந்து 30 டிகிரி விலகிப் போகும். கடைசி 40 முறை கர்சரே தெரியாது. எந்தத் தந்திரமும் வேண்டாம், இலக்கை நோக்கி நேராக நகர்த்து என்பதுதான் கட்டளை. கையை ஒரு அட்டைப்பெட்டியால் மறைத்துவிடுங்கள்.

கடைசிக் கட்டத்தில் நீங்கள் நேராகத்தான் போனதாகச் சத்தியம் செய்வீர்கள். தரவைத் திறந்து பார்த்தால் கை ஒரு பக்கம் சாய்ந்து போயிருக்கும். அந்தச் சாய்வுதான் நீங்கள் அறியாமல் நடந்த கற்றல்.

இதில் ஆட்கள் விழும் குழிகள்:

மவுஸின் வேகக்கூட்டல். விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற டிக் இருந்தால், வேகமாக நகர்த்தும்போது கர்சர் அதிக தூரம் போகும். கை போன தூரத்துக்கும் திரையில் போன தூரத்துக்கும் உறவு அறுந்துவிடும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். பேனா டேப்லெட்டை 'பென் மோட்'-இல் வையுங்கள், 'மவுஸ் மோட்' ஆகாது.

ஒய் அச்சின் திசை. சில மென்பொருளில் மேலே போனால் ஒய் கூடும், சிலவற்றில் குறையும். இதைக் கவனிக்காமல் விட்டால் கடிகாரத் திசையும் எதிர்த்திசையும் இடம் மாறி, பழகியவர் எல்லாம் பழகாதவர் போலத் தெரிவார்.

கோணச் சராசரி. 359 டிகிரிக்கும் 1 டிகிரிக்கும் சாதாரணச் சராசரி போட்டால் 180 வரும், அதாவது நேர் எதிர்த்திசை. இலக்கின் கோணத்தை முதலில் கழித்து, விடையை மைனஸ் 180-லிருந்து 180-க்குள் கொண்டுவந்த பிறகுதான் சராசரி.

பாதையைச் சேமிக்காமல் விடுவது. கர்சர் கடைசியில் எங்கே நின்றது என்பதை மட்டும் எழுதிவைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு புள்ளி. வேகத்தின் உச்சத்தில் கை எந்தத் திசையில் இருந்தது என்று பின்னால் யாராவது கேட்டால் அப்போது தேட முடியாது.

உங்களை நீங்களே சோதிப்பது கோட் சரியா என்று பார்க்க மட்டும். 30 டிகிரி என்று தெரிந்த ஆள் உத்தியோடுதான் ஆடுவார். உண்மையான தரவு வேண்டுமென்றால் ஆய்வுத் தரவைப் பகிரும் ஓஎஸ்எஃப் தளத்தில் பல லேப்கள் தங்கள் பேப்பருக்கான தரவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒன்றை எடுத்து, அவர்கள் படத்தை உங்கள் கோடால் மறுபடி வரையுங்கள். இரண்டும் பொருந்தினால் கோடை கிட்ஹப்பில் போட்டு, நான்கு வரி விளக்கம் எழுதிவிடுங்கள். உங்கள் சிவியில் இதுதான் கனமான வரி.

4. மற்றவர்களைச் சோதிக்கும் முன்: எதிக்ஸ்

நண்பர்களை உட்காரவைத்து எடுத்த தரவைப் பேப்பராக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன் எடுத்த தரவு செல்லாது, முன்தேதியிட்டு அனுமதியும் தர மாட்டார்கள். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகள்தான் அடிப்படை. உங்கள் கல்லூரிக் கமிட்டி சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும் என்றால், அந்தத் தேதியை முதலில் விசாரியுங்கள். திட்ட அறிக்கை, பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம் மூன்றும் வேண்டும். கடைசி இரண்டும் தமிழிலும் வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. எந்தக் கைப் பழக்கமுள்ளவர் என்று அறிய எல்லோரும் 1971-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் "துடைப்பம் பிடிக்கும்போது மேலே இருப்பது எந்தக் கை?" என்று ஒரு கேள்வி. நம் வீட்டு விளக்குமாற்றை ஒரு கையால்தான் பிடிக்கிறோம். ஸ்பூன் பற்றியும் கேட்கிறது. இடது கையால் சாப்பிட்டால் அடி வாங்கி வளர்ந்தவரிடம் அதற்கு என்ன பதில் வரும்? அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இடது கைக்காரர்கள் பலர் இரு கைக்காரர்களாகிவிடுவார்கள். எறிவது, கத்தரிக்கோல், தீக்குச்சி, பல் தேய்ப்பது போன்ற கேள்விகளைத் தனியாகவும் பாருங்கள். உங்கள் கமிட்டியிடமும் வழிகாட்டியிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. ஒரு லேபில் கால் வைப்பது

பிஎச்டிக்கு முன் ஒரு வருடம் ரிசர்ச் அசிஸ்டன்டாக இருந்தவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும். இந்தியாவிலேயே இடங்கள் உண்டு. ஐஐடி மெட்ராஸில் விரல் விசைக் கட்டுப்பாடு, ஐஐடி காந்திநகரில் கை அசைவுக் கற்றல், பெங்களூரு ஐஐஎஸ்சியில் கண், கை அசைவுத் திட்டமிடல் ஆகியவற்றில் வேலை நடக்கிறது. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து தரும் கோடை ஆய்வு ஃபெலோஷிப் நல்ல வாசல். விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும், ஏப்ரலில் தேடிப் பயனில்லை.

மின்னஞ்சல் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்து "எஸ்டீம்ட் லேப்" என்று முடிக்காதீர்கள். அந்தச் சார் பல சமயம் மேடம். பெயரை எழுதுங்கள். எந்தப் பேப்பரின் எந்தப் படம், அதில் உங்களுக்கு வந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த சோதனையின் லிங்க், எந்த மாதம் முதல் வர முடியும். பத்து வரிக்குள் முடிய வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போங்கள், மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புபவர்களை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சம்பளம் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லி மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. பேப்பரில் பெயர் போடக் காசு கேட்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து ஓடிவிடுங்கள்.

6. எந்த நாடு, எந்த மாதம்

இந்தியாவில் பிஎச்டி என்றால் நெட் ஜேஆர்எஃப் அல்லது கேட். ஜேஆர்எஃப் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கேட் தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கும். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கிற்குத் தனித்தாள் உண்டு. பிபிடி (பிசியோதெரபி இளங்கலை) படித்தவர்கள் தகுதி விதியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பல இடங்களில் முதுகலை இல்லாமல் எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் முதுகலை இல்லாமலும் நேராகப் பிஎச்டிக்குப் போகலாம். கட்டணம் அவர்களே ஏற்று, செலவுக்குப் பணமும் தருவார்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் இரண்டு வாரம். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரி. இடம் கிடைத்தால் ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். ஜிஆர்இயைப் பல நியூரோசயின்ஸ் துறைகள் கைவிட்டுவிட்டன. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள இடங்கள் கேட்கின்றனவா என்று பார்த்த பிறகு அதற்குப் பணம் கட்டுங்கள். 2025-ல் ஆய்வு நிதி வெட்டால் பல துறைகள் சேர்க்கையைக் குறைத்தன என்பதால் அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கனடாவில் நடைமுறை வேறு. பேராசிரியர் முதலில் "வா" என்று சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் விண்ணப்பம். இந்தத் துறைக்குக் கனடா ஒரு முக்கிய இடம்: ஒன்டாரியோவில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும் கிங்ஸ்டனில் குயின்ஸிலும் வலுவான குழுக்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க லேப்களில் இருக்கும், கை அசைவை அளக்கும் கினார்ம் ரோபோ பிறந்ததும் கிங்ஸ்டனில்தான்.

ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் பிஎச்டி என்பது சம்பளத்துடன் கூடிய வேலை. வருடம் முழுக்க விளம்பரம் வரும், பெரும்பாலும் முதுகலை வேண்டும். பிரிட்டனில் இடம் கிடைத்தாலும் வெளிநாட்டவருக்கு முழு நிதி கிடைக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டுக் கட்டண அளவுக்கு மட்டும் நிதி தந்து, மீதி வித்தியாசத்தை நம் தலையில் கட்டும் இடங்கள் உண்டு.

7. காகிதங்கள்

டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் தொகுப்பு), டிகிரி சான்றிதழ், இரண்டு பக்க சிவி, நோக்க அறிக்கை, மூன்று ரெகமண்டேஷன் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு, பாஸ்போர்ட்.

பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது வாரக்கணக்கில் இழுக்கும். டிசம்பர் விண்ணப்பத்துக்கு ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள், கூடுதல் பிரதிகளும் சேர்த்து. தொடக்கத்தில் பல இடங்கள் ஸ்கேன் பிரதியே போதும் என்கின்றன. சீல் வைத்த கவரைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ரெகமண்டேஷன் கேட்கும் ஆள், துறைத் தலைவர் என்பதற்காக வேண்டாம். உங்களோடு வேலை செய்தவராக இருக்க வேண்டும். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பவர்கள் நம்மிடம் அதிகம். அப்படிச் சொன்னால், நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலை மட்டும் கொடுத்து, அவரே எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். கடிதத்தைப் பதிவேற்றும் லிங்க் அவர்களுடைய நிறுவன மின்னஞ்சலுக்குப் போகும். ஜிமெயில் மட்டுமே வைத்திருக்கும் பேராசிரியரைப் பற்றிச் சில இடங்களில் சந்தேகம் வரும்.

அடுத்து, பெயர். மார்க்‌ஷீட்டில் இனிஷியலும் பெயரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு இடத்தில், டிகிரியில் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய், முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். அங்கே வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்து பின்னாலேயே வரும். விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் சரிசெய்துவிடுங்கள். 36 பக்க சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. பேப்பரிலும் அதே வடிவத்தில் பெயர் வர வேண்டும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் இலவசம், இன்றே வாங்கிவிடலாம்.

8. பணக் கணக்கு

அமெரிக்க விண்ணப்பம் ஒன்றுக்கு 75 முதல் 125 டாலர். ஆறு இடம் என்றால் 40,000-லிருந்து 65,000 ரூபாய்வரை வந்துவிடும். விலக்கு கேளுங்கள். படிவத்தை அனுப்பும் முன் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டால் திரும்ப வராது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு 18,000 ரூபாய் அளவில் ஆகும், இரண்டு வருடம் செல்லும். ஆங்கில வழியில் படித்ததற்குக் கல்லூரிச் சான்றிதழ் கொடுத்தால் சில இடங்கள் அதையே ஏற்கின்றன. தேர்வு எழுதும் முன் கேட்பது நல்லது.

அமெரிக்க மாணவர் விசாவுக்கு பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்த பிறகு, மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்கு வைக்கச் சொல்கிறார்கள். பிரிட்டன் என்றால் காசநோய்ச் சோதனைச் சான்றிதழும், வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் உண்டு. நான்கு வருடத்துக்கும் சேர்த்து முன்பே கட்ட வேண்டும், மூன்றரை லட்சம் ரூபாய் ஒட்டி வரும். சில பல்கலைக்கழகங்கள் திருப்பித் தருகின்றன, சேரும் முன் கேளுங்கள்.

9. நேர்காணல்

உங்கள் சோதனையைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். "அந்தச் சாய்வு உத்தியால் வந்ததில்லை என்று எப்படித் தெரியும்?" என்பது கிட்டத்தட்ட நிச்சயமான கேள்வி. கடைசிக் கட்டத்தில் கர்சரை மறைத்ததையும் நேராகக் குறிவைக்கச் சொன்னதையும் எடுத்துச் சொல்லுங்கள். கோட் சரிபார்க்க மட்டும் உங்களையே சோதித்தீர்கள் என்றால் அதையும் மறைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

நீங்களும் கேளுங்கள். நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி? போனவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ரோபோ, ஈஎம்ஜி (தசையின் மின் சமிக்ஞைப் பதிவு) கருவிகளை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள்? ஒரே ரோபோவுக்கு ஏழு பேர் வரிசையில் நின்றால் உங்கள் பிஎச்டி நீளும். பேராசிரியர் இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அவர்கள் தயங்கித் தயங்கிப் பேசினால் அந்தத் தயக்கத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்பார்கள். செயற்கைக் கை, மறுவாழ்வுக் கருவிகள், மூளை-கணினி இணைப்பு நிறுவனங்களில் இதே திறன் வேண்டும். மணிக்கட்டு ஈஎம்ஜியை வைத்துக் கணினியை இயக்கும் வேலையைச் செய்த கன்ட்ரோல்-லேப்ஸை ஃபேஸ்புக் 2019-ல் வாங்கியது. ஈஎம்ஜி பதிவு செய்யத் தெரிந்தால் அதை சிவியில் மேலே போடுங்கள்.

10. போய்ச் சேர்ந்த பின் முதல் இரண்டு மாதம்

முதல் சம்பளம் உடனே வராது. வங்கிக் கணக்கு, அடையாள எண் எல்லாம் முடிந்து, அந்த மாதப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான். வீட்டு முன்பணமும் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும். இரண்டு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கடன் வாங்குவதாக இருந்தாலும் இதற்கு மட்டும் போதும், முழு நிதியுடன் கிடைத்த பிஎச்டிக்குப் பெரிய கல்விக் கடன் தேவையில்லை. சில துறைகள் கேட்டால் முன்பணம் தருகின்றன. விமான டிக்கெட் எடுக்கும் முன் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.